பருத்தி ரேட்டிலிருந்து கூடைப்பந்து வரை: அந்த நம்பர் யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. ஒரு டீயைப் போட்டுக்கிட்டு உக்காந்துடுங்க.

அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து நடக்கும்போது என்னவெல்லாம் விக்கிறாங்கன்னு சமீபமா பார்த்துட்டு இருந்தேன். யார் ஜெயிப்பாங்கங்கறது பழைய சரக்கு. இப்ப இருக்கறது இப்படி: "இந்த ஆட்டக்காரர் இன்னைக்கு 6 ரீபவுண்டுக்கு மேல எடுப்பாரா?" ரீபவுண்டுன்னா கூடையில் விழாம திரும்பி வர்ற பந்தைப் பிடிக்கிறது. "ஆம்" சீட்டு 60 சென்ட், "இல்லை" சீட்டு 40 சென்ட். எடுத்துட்டார்னா ஆம் வச்சிருக்கறவருக்கு 1 டாலர், இல்லைன்னா அடுத்தவருக்கு. ஆம் சீட்டு 60 சென்ட்டுக்குப் போகுதுன்னா, நடக்க 60 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு வாங்குறவங்களும் விக்கிறவங்களும் சேர்ந்து சொல்றாங்கன்னு அர்த்தம். ஆட்டம் நடக்க நடக்க ஷேர் மார்க்கெட் மாதிரி விலை ஏறும், இறங்கும். இதுக்குப் பேரு கணிப்புச் சந்தை.

பந்தல்குடிக்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. எங்க ஊர்ல கூடைப்பந்து ஆடுறவனைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும் :-) ஆனா இந்த விளையாட்டோட தாத்தா பேரு பருத்தி. பருத்தி பத்திப் பேச கரிசக்காட்டுக்காரனுக்கு உரிமை இருக்குல்ல?

முழு ஆட்டத்தையும் விட்டுட்டு, அதுக்குள்ள இருக்குற ஒரே ஒரு சின்ன நம்பர் மேல காசு கட்டுறதுக்கு நம்ம நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேல சரித்திரம் இருக்கு. அதை வரிசையா அடுக்கிப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்னு தெரியுது.

மழை

முதல்ல கல்கத்தா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே படாபஜாரில் மார்வாடி வியாபாரிகள் மழை மேல பந்தயம் கட்டினாங்க. கூரை மேல ஒரு தொட்டி இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள்ள மழை பெய்து தொட்டி நிரம்பி, தூம்பு வழியா தண்ணி வழிஞ்சா "மழை பெய்தது". வழியலைன்னா "பெய்யலை". வெறும் தூறல் எல்லாம் கணக்கில் சேராது. வங்காள அரசாங்கம் 1897-இல் இதுக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டுத் தடை பண்ணிச்சு. மழைச் சூதாட்டத் தடைக்குன்னு ஒரு சட்டம்!

நம்ம பக்கம் மழைப் பந்தயம் வேற மாதிரி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பூரா மானாவாரிக் காடு. புரட்டாசிக் கடைசியில வானத்தைப் பார்த்து விதையைப் போட்டுட்டு உக்காந்திருக்கணும். பெய்தா வெள்ளாமை, பெய்யலைன்னா விதையும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு. இதைச் சூதுன்னு எந்தச் சட்டமும் சொல்லாது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

பருத்தி

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராம லங்காஷயர் ஆலைகள் தவிச்சப்ப, இந்தியப் பருத்திக்கு எங்கேயும் இல்லாத விலை வந்துச்சு. பம்பாய் கொழிச்சுது. போர் முடிஞ்ச 1865-லயே விலை விழுந்து, பம்பாய்ல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் திவாலானாங்க. அயல்நாட்டு ரேட்டு நம்மளை ஆட்டிவைக்கும்ங்கற பாடம் அப்பவே கிடைச்சாச்சு.

நம்ம கரிசல் பருத்திக்கும் அதுல பங்கு உண்டு. வெள்ளைக்காரன் வியாபாரத்துல இதுக்கு 'தின்னவேலி' பருத்தின்னு பேரு. கருங்கண்ணி ரகம் இந்தச் சரக்குதான். கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை காட்டுல விளைஞ்சு, வண்டியேறி தூத்துக்குடித் துறைமுகம் போகும். ஹார்வி கம்பெனி 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், 1892-இல் மதுரையிலும் ஆலை போட்டதுக்குக் காரணமே இந்தப் பருத்தி பக்கத்திலேயே கிடைச்சதுதான்.

1870-இல் நியூயார்க்கில் பருத்தி எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்சாங்க. அங்கே காலையில் தொடங்குற விலைக்கு ஓப்பன், சாயங்காலம் முடியுற விலைக்கு க்ளோஸ். இந்த ரெண்டு ரேட்டும் கடல் தாண்டித் தந்தியில் பம்பாய் பருத்தி எக்ஸ்சேஞ்சுக்கு வரும், பிற்காலத்தில் டெலிபிரிண்டரில் வரும். வியாபாரிக்கு அது வியாபாரத் தகவல். வெளியே நின்னவங்களுக்கு அது ஒரு நம்பர். அந்த நம்பர் மேல காசு கட்ட ஆரம்பிச்சாங்க. பருத்தி வாங்கப் போறதில்லை, விக்கப் போறதில்லை, பஞ்சைக் கையால தொடப் போறதும் இல்லை. நாளைக்கு என்ன இலக்கம் வரும்? அவ்வளவுதான். இதுக்கு 'ஆங்கடா ஜுகார்'னு பேரு, அதாவது எண் சூதாட்டம்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. அந்த நம்பரைப் பம்பாய்ல இருந்த எந்தக் கொம்பனாலும் மாத்தியிருக்க முடியாது. நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான பேர் வாங்கி வித்து முடிவான விலை அது. பந்தயம் கட்டுறவனும், காசு வசூலிக்கிற புக்கியும் அந்த நம்பர் முன்னாடி ஒண்ணுதான். சூதாட்டம்தான், ஆனா நம்பர் மட்டும் சுத்தம்.

பானை

1961-இல் நியூயார்க்கிலிருந்து ரேட்டு வர்றது நின்னுபோச்சு. கட்டுறவன் ரெடி, வசூலிக்கிறவன் ரெடி, நம்பரைக் காணோம். என்ன பண்ணுவாங்க?

தாங்களே நம்பரை உண்டாக்கினாங்க. 1962-இல் கல்யாண்ஜி பகத்ங்கறவர் வொர்லியில் ஆரம்பிச்சார். 1964-இல் ரத்தன் கத்ரி தனியா இன்னொண்ணு ஆரம்பிச்சார். தொடக்கத்துல ஒரு பானைக்குள்ள சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பாங்க. இந்தியில் பானைக்கு மட்கா. இப்படித்தான் 'மட்கா'ன்னு பேர் வந்துச்சு. பிறகு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூணு சீட்டு எடுத்துக் கூட்டணும், கடைசி இலக்கம்தான் நம்பர். 3, 6, 4 வந்தா மொத்தம் 13, ஆக நம்பர் 3. ஒரு ரூபா கட்டி நம்பர் விழுந்தா 9 ரூபா. பத்து இலக்கம் இருக்கு, குடுக்கறது ஒம்பது, ஆக ரூபாய்க்கு 10 பைசா நிரந்தரமா புக்கி பாக்கெட்டுக்கு. பம்பாய் ஆலைத் தொழிலாளிங்க கூலியில கணிசமான பங்கு இப்படித்தான் போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இதுலதான் இருக்கு. பருத்தி ரேட்டு போயும், மட்காவில் முதல் நம்பருக்கு 'ஓப்பன்', ரெண்டாவது நம்பருக்கு 'க்ளோஸ்'னே பேர் நின்னுடுச்சு. எந்தச் சந்தையும் திறக்கலை, மூடலை. செத்துப்போன பங்காளி பேர்ல ரேஷன் கார்டு ஓடுற மாதிரி.

ஆனா அடியில ஒரு பெரிய மாத்தம் நடந்துபோச்சு. கடல் தாண்டி இருந்த நம்பர் ஒரே ஒரு மனுஷன் கைக்கு வந்துடுச்சு. சீட்டை எடுக்கறவன் எந்த இலக்கத்துல காசு கம்மியா விழுந்திருக்குன்னு பார்த்து அதை எடுத்தா? அந்தச் சந்தேகத்தைப் போக்கத்தான் ரத்தன் கத்ரி நாலு பேர் பார்க்கச் சீட்டை எடுத்தார், வந்தவங்களையே எடுக்கவும் விட்டார்னு சொல்வாங்க. நாடு முழுக்க அவருக்குக் கிடைச்ச மவுசுக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம். 2020 மே மாதம் அவர் செத்தப்ப பத்திரிகைகள் எல்லாம் 'மட்கா கிங்'னு போட்டு எழுதின.

ஒத்தை நம்பர்

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1968-இல் அரசாங்க லாட்டரி ஆரம்பிச்சது. நடுவுல நின்னு, மறுபடி ஓடி, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியும் தடை ஆச்சு. லாட்டரிச் சீட்டு வாங்கறதாவது பல இலக்க நம்பருக்கு, நாள்கணக்குல காத்திருக்கணும். அதுக்குள்ளேயே 'ஒத்தை நம்பர்'னு ஒண்ணு முளைச்சுது. பரிசு விழுற நம்பரோட கடைசி இலக்கம் என்ன? அது மட்டும் போதும். பத்துல ஒண்ணு, உடனே முடிவு, உடனே அடுத்த சீட்டு. நாடாளுமன்றம் 1998-இல் கொண்டுவந்த லாட்டரிச் சட்டத்துல, ஒற்றை இலக்கத்தை வச்சுப் பரிசு தரக்கூடாதுன்னே ஒரு விதி உண்டு. லாட்டரியை அனுமதிச்ச சட்டமே ஒத்தை நம்பரைப் பார்த்துப் பயந்துச்சு.

தடைக்கு அப்புறமும் கேரள லாட்டரி முடிவோட கடைசி மூணு இலக்கத்தை வச்சு இங்கே திருட்டுத்தனமா 'மூணு நம்பர்' ஓடிச்சு. நியூயார்க் பருத்தி ரேட்டை பம்பாய் எடுத்துக்கிட்ட அதே டெக்னிக். 2019 டிசம்பர்ல விழுப்புரத்துல ஒரு நகைத் தொழிலாளி, இந்த மூணு நம்பர்ல பட்ட கடனைத் தாங்க முடியாம, மனைவியையும் மூணு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு செத்துப்போனார். நம்பர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் முடிவு, அவ்வளவு சீக்கிரம் அடுத்த பந்தயம். அந்த வேகம் ஒரு குடும்பத்தையே முடிச்சுடுச்சு.

நோ பால்

அடுத்தது நம்ம மதம், கிரிக்கெட்.

2010 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர்கள் முகமது ஆமிரும் முகமது ஆசிஃபும் முன்கூட்டியே சொல்லிவச்ச பந்துகளில் மூணு நோ பால் போட்டாங்க. ஆமிருக்கு அப்ப 18 வயசு. கேப்டன் சல்மான் பட் உட்பட எல்லாருக்கும் 2011-இல் லண்டன் கோர்ட்டு ஜெயில் தண்டனை குடுத்துச்சு. மேட்ச் தோக்கணும்னா பதினோரு பேர்ல நாலஞ்சு பேராவது கூட்டு சேரணும். நோ பால் போட ஒருத்தன் கால் கோட்டைத் தாண்டினா போதும். ஆட்ட முடிவே மாறாது, பார்க்கறவனுக்கும் சந்தேகம் வராது. அந்த மூணு பந்து மேல யாரும் பந்தயமே கட்டலை. "என் பையன் நான் சொன்ன பந்துல நோ பால் போடுவான் பாரு"ன்னு தரகர் வேஷம் போட்டு வந்த பத்திரிகை நிருபருக்குக் காட்டின சாம்பிள் அது!

2013 மே மாதம் ஐ.பி.எல். கதை. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியில மூணு பேரை டெல்லி போலீஸ் பிடிச்சுது. ஒரு ஓவர்ல குறிப்பிட்ட ரன்னுக்கு மேல குடுக்கணும், இடுப்புல துண்டு சொருகறது சிக்னல்னு குற்றச்சாட்டு. 2015-இல் டெல்லி கோர்ட்டு அவங்களை வழக்கிலிருந்து விடுவிச்சுது. கிரிக்கெட் வாரியம் போட்ட தடை தனியா ஓடிச்சு. அதே கிளறல்ல வெளிவந்த சூதாட்ட விவகாரத்துலதான் சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ரெண்டு வருஷம் வெளியே உக்காந்துச்சு. அந்த ரெண்டு வருஷம் நம்மாளுங்க பட்ட பாட்டை நான் சொல்ல வேணாம் :-(

மறுபடி கூடைப்பந்து

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியச் சட்டத் தடையை நீக்கிச்சு. மாநிலம் மாநிலமா கடை திறந்தாங்க. தனி ஆட்டக்காரரோட புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் எல்லாம் சரக்கு ஆச்சு.

டொரன்டோ ராப்டர்ஸ் அணியில் ஜோன்டே போர்ட்டர்னு ஒரு ஆட்டக்காரர். நட்சத்திரம் எல்லாம் இல்லை, கீழ்மட்ட ஒப்பந்தத்துல இருந்தவர். அவருக்குச் சூதாட்டக் கடன் இருந்துச்சு. 2024 ஜனவரி 26, மார்ச் 20 ரெண்டு ஆட்டத்துலயும் சில நிமிஷம் ஆடிட்டு, ஒரு தடவை கண் வலி, ஒரு தடவை உடம்பு சரியில்லைன்னு வெளியே வந்துட்டார். அவர் "குறைவாத்தான் எடுப்பார்"னு கட்டினவங்க ஜெயிச்சாங்க. மார்ச் 20-ல் ஒருத்தர் 80,000 டாலர் கட்டியிருந்தார், ஜெயிச்சா 11 லட்சம் டாலர். பெரிய நட்சத்திரம் மேல கட்டியிருந்தா கண்ணுல பட்டிருக்காது. பெஞ்சுல உக்கார்ற ஆளோட ரீபவுண்ட் மேல 80,000 டாலரான்னு கம்பெனிக்கே சந்தேகம் வந்து பணத்தை நிறுத்தி வச்சாங்க. ஏப்ரல் 2024-இல் என்.பி.ஏ. அவருக்கு ஆயுள் தடை போட்டுச்சு. ஜூலையில் கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்டார். அதுக்கு அப்புறம் கீழ்மட்ட ஒப்பந்தக்காரங்க "குறைவா எடுப்பாங்க"ங்கற பந்தயத்தையே கடைகள் எடுத்துட்டாங்க. 2025 அக்டோபரில் டெரி ரோஸியர்ங்கற இன்னொரு ஆட்டக்காரரைக் கைது பண்ணினாங்க, 2023 மார்ச்சில் நடந்த ஒரு ஆட்டத்தை வச்சு இதே மாதிரி குற்றச்சாட்டு. அவர் மறுத்திருக்கார்.

நல்லா ஆடணும்னா திறமை வேணும், எதிரணியும் விடணும். குறைவா ஆட எதுவும் வேணாம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தா போதும். "6-க்கு மேல"ங்கற நம்பரைச் செய்ய முடியாதவன்கூட "6-க்குக் கீழ"ங்கற நம்பரைத் தனியாளா செஞ்சுடலாம்.

அப்ப கணிப்புச் சந்தையே மோசமா?

இதுக்கு ஆதரவா சொல்றவங்க வாதத்தையும் நியாயமா வைக்கணும். அயோவா பல்கலைக்கழகம் 1988-இல் அமெரிக்க அதிபர் தேர்தலை வச்சு ஒரு சின்னச் சந்தை நடத்திச்சு. காசு போட்டுச் சொல்றவன் யோசிச்சுச் சொல்வான், ஆளாளுக்குத் தெரிஞ்ச துணுக்குத் தகவல் எல்லாம் விலையில் வந்து சேரும்ங்கறது கருத்து. தேர்தலுக்கு இது பொருந்துது. ஏன்னா கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டு வர்ற நம்பர் அது. நியூயார்க் பருத்தி ரேட்டு மாதிரி, சந்தையில் இருக்கற ஒருத்தன் தனியா மாத்திட முடியாது.

ஒரு ஆட்டக்காரரோட ரீபவுண்டுக்கு வந்தா கதையே வேற. அதுல யாருக்கு ரொம்ப நல்லாத் தெரியும்? அந்த ஆட்டக்காரருக்கு. அவருக்கு முட்டி வலிக்குதா, கோச் இன்னைக்கு இறக்குவாரா எல்லாம் அவருக்குத்தான் தெரியும். சந்தை நல்ல தகவலுக்குக் காசு குடுக்குது. நல்ல தகவல் வச்சிருக்கறவனும் நம்பரை உண்டாக்கறவனும் ஒரே ஆள். அப்ப சந்தை அவனுக்குக் குடுக்கறது தகவலுக்கான விலையா, லஞ்சமா? ரெண்டுக்கும் நடுவுல கோடு போட முடியாது. ஒரு சாஃப்ட்வேர்காரனா சொல்றேன், டெஸ்ட் எழுதறவனும் கோட் எழுதறவனும் ஒரே ஆளா இருந்து, டெஸ்ட் ஃபெயில் ஆனா போனஸ்னு வச்சா என்ன ஆகுமோ அதான் ஆகும்.

இப்ப அந்தப் பழைய வித்தியாசத்துக்கு வருவோம். காட்டுல மல்லி போட்டவனுக்கு விலை இறங்கினா நஷ்டம். அந்த பயம் அவன்கிட்ட ஏற்கனவே இருக்கு. விருதுநகர் கமிஷன் கடை அண்ணாச்சியோ, முன்பேரச் சந்தையில் இருக்கறவரோ இன்னைக்கே ஒரு விலை பேசிட்டா, அந்த பயத்துல ஒரு பங்கை அவர் வாங்கிக்கறார். 1960-களில் நிறுத்தின முன்பேர வர்த்தகத்தை 2003-இல் மறுபடி பரவலா திறந்ததுக்குச் சொன்ன நியாயம் இது. அதுலயும் சூதாடிகள் உண்டு, தில்லுமுல்லு உண்டு. ஆனா அடியில ஒரு மூட்டை மல்லி நிஜமா இருக்கு. ஒருத்தர் 6 ரீபவுண்ட் எடுத்தா யாருக்கு நஷ்டம்? பந்தயம் கட்டுற வரைக்கும் யாருக்கும் இல்லை. கட்டின நிமிஷத்துலதான் நஷ்டமே பொறக்குது.

நம்ம நாட்டுலயும் இது வந்துட்டுப் போச்சு. ப்ரோபோ மாதிரி ஆப்களில் ஆமும் இல்லையும் சேர்ந்து 10 ரூபாய். இந்த ஆட்டக்காரர் இத்தனை ரன் அடிப்பாரான்னு வாங்கி விக்கலாம். தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2022-இல் அறிக்கை குடுத்து, 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு மொத்தத்தையும் தடை செய்து சட்டம் போட்டதும் ப்ரோபோ கடையைக் கட்டிச்சு. திறமையா, அதிர்ஷ்டமாங்கறதுதான் நம்ம கோர்ட்டுகள் கேட்டுவந்த கேள்வி. குதிரைப் பந்தயம் திறமைன்னு 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சென்னை ரேஸ் கிளப் வழக்கில். என்னைக் கேட்டா அதோட இன்னொரு கேள்வியையும் சேர்க்கணும்: அந்த நம்பர் யார் கையில் இருக்கு? கணிக்கத் திறமை வேணும்னே வச்சுக்குவோம். நம்பரை ஒருத்தனால தனியா செய்ய முடியும்னா, கணிக்கிறவன் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசியா ஒரு கொசுறு. அந்த நியூயார்க் பருத்தி எக்ஸ்சேஞ்ச் கைமாறிக் கைமாறி 2007-இல் இன்டர்கான்டினென்டல் எக்ஸ்சேஞ்ச்ங்கற கம்பெனிக்குப் போச்சு. அதே கம்பெனி 2025 அக்டோபரில், பாலிமார்க்கெட்ங்கற கணிப்புச் சந்தையில் 200 கோடி டாலர் வரைக்கும் போடப்போறதா அறிவிச்சது. கால்ஷிங்கற இன்னொரு கணிப்புச் சந்தைக்கு அங்கே மேற்பார்வை பண்ணற மத்திய ஆணையமும், பருத்தி முன்பேர வர்த்தகத்தை மேற்பார்வை பண்ணற அதே ஆணையம்தான். பம்பாய்த் தெருவுல யாரோ திருட்டுத்தனமா கடன் வாங்கின நம்பர், அறுபத்தி சொச்சம் வருஷம் சுத்திட்டு, சூட்டு கோட்டோட பொறந்த வீட்டுக்கே போயிருக்கு.

உங்க ஊர்ல இந்த மாதிரி எந்த நம்பர் மேல காசு கட்டினாங்க? பஸ் நம்பர், கிணத்து ஆழம், தேர் நிலைக்கு வர்ற நேரம்னு ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்த நம்பர் யார் கையில் இருந்துச்சுங்கறதையும் சேர்த்து எழுதுங்க.